பொதுப் பல்

எந்தப் பல் என்று கேட்கிறார் மருத்துவர்,
நெல்லித்தோப்பில், மாடிப்படி ஏறி
இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் என்னிடம்.
வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாது.
விரலால் காட்டுகிறேன்.
அதற்குள் சவரிராயன் வந்து உட்கார்ந்துவிட்டான்
விளக்குக்குக் கீழே.

ஸ்பின்னிங்கில் ஆள் அவன். இரவு ஷிப்ட்.
காதில் பஞ்சு, மீசையில் பஞ்சு.
ஞாயிறு பூசைக்குப் போகாமலிருக்கத்தான் கட்சியில் சேர்ந்தேன்,
நீங்கள் கமிட்டியையும் ஞாயிறே வைத்துவிட்டீர்கள் என்பான்.
கூலிச் சீட்டுகளின் பின்பக்கத்தில் ஒரு கதை எழுதினான்.
ஸ்டென்சில் வெட்டி, சங்கத்து மெஷினில்,
சங்கத்து மையிலேயே நாற்பது பிரதி.

கதை இதுதான்.
புதிய மனிதனைச் செய்ய ஒரு குழு அமைக்கிறார்கள்.
முதல் தீர்மானம்: ‘என்’ என்கிற சொல் ரத்து.
மூன்று வருஷம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.
ஒரு ராத்திரி, ஊரில் பல் வலிக்கிறது.
யாருக்கு என்று சொல்ல யாரிடமும் வார்த்தை இல்லை.
பல் வலிக்கிறது என்று ஒருவன் கத்துகிறான்.
ஆமாம் தோழரே, வலிக்கிறது என்று ஊரே ஆமோதிக்கிறது.
குழு கூடுகிறது. விவாதம் விடியும்வரை.
ஆளுக்கொரு பல் பிடுங்குவதென்று முடிவு.
பிடுங்குகிறார்கள்.
வலித்த பல் தப்பிவிடுகிறது.
மேலே அறிக்கை போகிறது:
வலி சமமாகப் பங்கிடப்பட்டது.
மறுநாள் இரண்டாவது சுற்று.
முடிவில் ஊருக்கு மொத்தம் ஒரே பல், அதுவும் அந்தப் பல்.
குழு கஞ்சி குடித்துக்கொண்டே
கரும்பு விளைச்சலைப் பற்றிப் பேசுகிறது.

முதலியார்பேட்டையில், சைக்கிள் கடைக்கு மேல், விசாரணை.
குற்றமான வரிகளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு எனக்கு.
சிவப்புப் பென்சில் கொடுத்தார்கள்.
இரண்டு ராத்திரி உட்கார்ந்து பதினேழு இடத்தில் கோடு போட்டேன்.
உரக்க வாசிக்கவும் என்னையே சொன்னார்கள்.
கரும்பு வந்த இடத்தில் செயலாளர் தெய்வநாயகம்
துண்டால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.
பொருளாளர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்
ரொம்ப நேரம் இருமினார்.
மினிட் புத்தகம் எழுதியதும் நான்தான்.
சிரிப்பு அதில் இல்லை.

ஏதாவது சொல்ல வேண்டுமா தோழர் என்றார்கள்.
சவரிராயன் எழுந்தான்.
முதலாளியைப் பற்றியும் எழுதினேனே,
அப்போது இவ்வளவு சிரிக்கவில்லையே நீங்கள் என்றான்.

ஏகமனதாக.
முதலில் உயர்ந்தது எந்தக் கை என்று
மினிட்டில் எழுதும் வழக்கமில்லை.
எனக்குத் தெரியும்.
கை.

உப்பாறு வாய்க்கால் ஓரம் கொளுத்தினேன்.
ஸ்டென்சில் மெழுகு கறுப்பாக உருகி விரலில் ஒட்டியது.
எண்ணி நாற்பது.
ஒன்றை மட்டும் ஒளித்துவைத்தேன் என்று சொன்னால்
நன்றாகத்தான் இருக்கும்.
வைக்கவில்லை.

மில் சங்கு நின்ற வருஷமே அவனும் போய்விட்டான்.
சாவு வீட்டில் பிலோமினா காப்பி கொடுத்தாள்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை. மகன்தான் கேட்டான்:
அப்பா ஏதோ கதை எழுதினாராமே, உங்களிடம் இருக்கா?
இல்லை தம்பி என்றேன்.
உண்மைதான். தாள் இல்லை.
கோடு போட்ட பதினேழு இடமும்
அட்சரம் பிசகாமல் இன்றும் சொல்வேன்.
போடாத இடங்கள்தான் போய்விட்டன.
குற்றமில்லாத வரிகள்.
மழை பெய்யும் ஒரு பக்கம் இருந்தது.
யாரோ ஒருத்தி யாருக்கோ குடை பிடித்தாள்,
அல்லது பிடிக்காமல் நின்றாள்.
அங்கே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு
நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்த ஞாபகம்.

ஊசி போட்டாகிவிட்டது.
உதடு வேறு யாருடையதோ ஆகிவிட்டது.
இடுக்கி உள்ளே போகிறது.
வலிக்குதா ஐயா என்கிறார் மருத்துவர்.
யாருக்கு என்று கேட்க வருகிறது.
வாய் நிறையப் பஞ்சு.